கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்

தோற்றுவாய்

கொற்கையும் தூத்துக்குடியும் முத்தினாற் பெற்ற புகழை நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முத்துக்குளிப்பு நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பெயர் இக்கரையை விட்டு நீங்கவில்லை. ஆயின் இக்கரையை ஒட்டித் தெற்கே சென்றால், செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த நாட்டில் கடாட்சபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க்கும், ஆங்கில மொழியில் இந்தியப் பெண்மக்கள் இயற்றிய நாவல்களின் வரலாற்றிற்கும் ஒரு தொடர்பு உண்டென்பதை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. அத்தொடர்பைக் கூறுமுகத்தால் ஓர் அரிய மாதரசியாரின் வாழ்க்கையை நம் வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

நம் மாணவரும் மாணவியரும் வகுப்பிலே சார்லட் பிராண்டி அம்மையாரையும் ஜார்ஜ் எலியட் அம்மையாரையும் பயில்கின்றனர். 1847-ம் ஆண்டில் ஜேன் அயர் வெளிவந்தபொழுது அதன் முகப்பில் இருந்தது ஆணோ பெண்ணோ என்று தெளியவொண்ணாத புனைபெயர். மேரி ஆன் எவான்ஸ் என்னும் பெண்மணி ஜார்ஜ் என்னும் ஆண்பெயரை மேற்கொண்டே தம் கதைகளை உலகிற்கு அளித்தார். பெண்ணுக்கும் தனக்கென ஒரு மனம் உண்டா? தன் உழைப்பால் உண்டு வாழும் உரிமை அவளுக்கு உண்டா? மணம் என்பது அவள் வாழ்வின் முடிவா, அன்றி அதன் ஒரு பகுதியா? இவ்வினாக்களே அந்நூற்றாண்டில் அந்நாட்டுப் பெண்டிர் எழுதிய கதைகளின் உயிர்நாடி. இவற்றைப் படிக்கும் நம் மாணவியர், இவை யாவும் பனி பெய்யும் தொலைநாட்டார் கவலைகள் என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுதல் இயல்பே. ஆனால் அதே நூற்றாண்டில், அதே மொழியில், அதே வினாக்களைச் சென்னையில் அமர்ந்து ஒரு பெண்மணி எழுப்பினார். அவரே கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

மராட்டிய நாட்டில் அகமதுநகர் என்னும் ஊரில் 1862-ம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் ஹரிபந்து கிஸ்தி, தாயார் இராதாபாய். இருவரும் பிராமண குலத்தவர். அப்பகுதியில் அக்குலத்தினின்று முதன்முதல் கிறிஸ்து மதத்தைத் தழுவியோருள் ஹரிபந்தும் ஒருவர். பதினான்கு மக்களைப் பெற்ற அக்குடும்பத்தில் கிருபாபாய் பதின்மூன்றாவது குழந்தை.

தந்தையார் தம் மனச்சான்றின்படி நடந்தார். அதனை உலகம் துணிவென்று போற்றியது. தாயாரின் நிலையோ வேறு. சிறுபிராயத்திலே மணம் முடிக்கப்பெற்று, கணவன் கொண்ட புதிய நெறி இன்னதென்று விளங்குமுன்னரே, தாய்வீட்டையும் சுற்றத்தையும் தாம் வழிபட்ட தெய்வங்களையும் துறந்து அவர்பின் செல்ல நேர்ந்தவர் அவர். அவரை ஒருவரும் கேட்கவில்லை. காலப்போக்கில் அவரும் அந்நெறியைத் தமதாக்கிக்கொண்டார் எனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சிந்திய கண்ணீரை மகள் மறக்கவில்லை. பின்னாளில் தம் வரலாற்றைக் கதையாக எழுதப் புகுந்தபொழுது, தந்தையின் மனமாற்றத்தைச் சொல்லி அமையாமல், தாயின் உள்ளத்திற் புகுந்து அவர் பட்ட பாட்டினையும் விரித்துரைத்தார். சமயம் மாறிய ஆடவர் வரலாறுகள் பல உள. அவ்வாடவர்பின் சென்ற மனைவியரின் வரலாற்றை எழுதியவர் அரியர்.

கிருபாபாய் குழந்தையாயிருந்த காலத்திலேயே தந்தையார் காலமானார். தாயாருடன் தமையனார் பாஸ்கரும் அக்குழந்தையின் வளர்ப்பை மேற்கொண்டார். தமையன்மார் படிக்குமிடத்தில் தானும் சென்று அமரும் சிறுமியை வீட்டார் வியப்புடனும் சிறிது நகைப்புடனும் நோக்கினர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் கேள்வி அந்தக் கிறிஸ்தவ இல்லத்திலும் எழாமலில்லை. பாஸ்கர் ஒருவரே அதற்குச் செவிசாய்க்காதவர். தாம் கற்றதைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தும், மலைச்சாரல்களில் உலாவி அவளோடு உரையாடியும் அவள் அறிவுக்கு உரமிட்டார். அத்தமையனாரும் இளமையிலேயே இறந்தார். கிருபாபாயின் உள்ளத்தில் அத்துயரம் ஆழப் பதிந்தது.

அதன்பின் அவர் பம்பாயில் மிஷன் பெண்மணிகளின் ஆதரவிலும், அங்குள்ள விடுதிப் பள்ளியிலும் வாழ்ந்து கற்றார். அங்கே ஒரு பெண் மருத்துவரைக் கண்டு பழகியதனால் தாமும் மருத்துவராதல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. வீட்டிற்குள்ளே அடைபட்டு, ஆண் மருத்துவர் முன் வர நாணி, நோயிலேயே மடிந்த இந்தியப் பெண்டிர் பல்லாயிரவர். அவர்க்கு உதவக்கூடியவள் மற்றொரு பெண்ணே என்பதை அவர் உணர்ந்தார். இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில அவர்க்கு உதவித்தொகையும் கிடைத்தது. ஆயின் அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காதென மருத்துவர் தடுத்துவிட்டனர். கையெட்டும் தூரத்தில் வந்த வாய்ப்பு நழுவியது.

சென்னையில்

அக்காலத்தில் மருத்துவக் கல்வியைப் பெண்கட்குத் திறந்துவிடுவதில் சென்னை முன்னணியில் நின்றது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களைப் பட்டத்திற்கு ஏற்றது 1878-ம் ஆண்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-லேயே மேரி ஷார்லீப் அம்மையார் உள்ளிட்ட நால்வரைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்து செல்ல இயலாத கிருபாபாய் 1878-ம் ஆண்டில் அக்கல்லூரியை நாடிச் சென்னைக்கு வந்தார். தமிழும் அறியாத, உறவினரும் இல்லாத பதினாறு வயதுப் பெண் எங்கே தங்குவது?

இங்கேதான் நம் நாட்டுத் தொடர்பு வருகின்றது. சிந்தாதிரிப்பேட்டையில் அப்பொழுது குருவாயிருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர். அவர் திருநெல்வேலியை அடுத்த சிந்துபூந்துறையைச் சேர்ந்தவர். பாளையங்கோட்டைப் பள்ளியில் கண்பார்வையற்ற தலைமையாசிரியராகிய குருக்ஷாங்க்ஸ் என்பவரிடம் கற்றவர். அவர்தம் மனைவியார் அன்னா அம்மையார், கடாட்சபுரத்தில் குருவாயிருந்து தொண்டாற்றிய யோவான் தேவசகாயம் ஐயரின் மகளார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்புதல் குலத்திற்கு இழுக்கென்று கருதப்பட்ட காலத்தில், தம் பெண்மக்களுக்குக் கல்வி ஊட்டிய குடும்பம் அது. அன்னா அம்மையார் சென்னைக்கு வந்தபின் தெருத்தோறும் சென்று பெண்குழந்தைகளைத் திரட்டிப் பள்ளிகள் அமைத்தார். வீட்டைவிட்டு வெளிவரா மகளிரை அவர்தம் இல்லங்களிலேயே சந்தித்துக் கற்பித்தார். தாய்மார்க்கெனத் தமிழில் நல்ல தாய் என்னும் நூலையும் எழுதினார்.

இத்தகைய இல்லமே கிருபாபாய்க்குப் புகலிடமாயிற்று. கல்லூரியில் அவர் முதலாண்டிலேயே பாடங்களிற் சிறந்து விளங்கிப் பரிசுகள் பெற்றார். ஆனால் உடல் மீண்டும் இடங்கொடுக்கவில்லை. ஓராண்டு கழிவதற்குள் நோய்வாய்ப்பட்டு, 1879-ல் படிப்பைக் கைவிட்டுப் புனாவில் இருந்த தமக்கையாரிடம் செல்ல நேர்ந்தது. முதலில் இங்கிலாந்து கைநழுவியது. பின்னர் சென்னைக் கல்லூரியும் கைநழுவியது. நம்மில் தேர்வில் ஒருமுறை தவறியவர் அடையும் சோர்வை நினைத்துப் பார்த்தால், இருமுறை வாழ்வின் நோக்கமே தகர்ந்த அவ்விளம்பெண்ணின் மனநிலை ஒருவாறு விளங்கும்.

இல்லறமும் தொண்டும்

சத்தியநாதன் ஐயரின் மகனார் சாமுவேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தேர்ந்து தாயகம் திரும்பினார். 1881-ம் ஆண்டில் அவருக்கும் கிருபாபாய்க்கும் திருமணம் நிகழ்ந்தது. பெற்றோர் பேசி முடித்துப் பெண்ணுக்கு அறிவிக்கும் மணமாக அஃது அமையவில்லை. ஒருவரையொருவர் அறிந்து மதித்த இருவரின் மணமாக அமைந்தது. பெண்ணுக்குக் கற்பதில் விருப்பம் இருப்பதைக் குறையெனக் கருதாத கணவரும், அதனைப் பெருமையெனக் கொண்ட மாமியாரும் அவர்க்கு வாய்த்தனர். சாமுவேல் பயின்ற கேம்பிரிட்ஜில் பெண்கள் முழுப் பட்டம் பெறும் உரிமை 1948-ம் ஆண்டில்தான் வந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்வோமாயின், சிந்தாதிரிப்பேட்டை இல்லத்தின் பெருமை நன்கு புலப்படும்.

சாமுவேல் நீலகிரியில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். உதகமண்டலத்தின் குளிர்ந்த காற்றில் அம்மையாரின் உடல் சற்றுத் தேறியது. தேறியவுடன் அவர் வாளாவிருக்கவில்லை. அங்குள்ள முகம்மதியப் பெண்குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தினார். மருத்துவராய்ப் பெண்களின் இல்லம் புக எண்ணியவர் ஆசிரியராய்ப் புகுந்தார். அம்மலையிற்றான் அவருடைய எழுத்துப் பணியும் தொடங்கிற்று. தோடர்தம் மந்தைக்குச் சென்று கண்டவற்றை ஒரு கட்டுரையாக்கி, இந்தியப் பெண்மணி ஒருத்தி என்னும் பொருள்பட்ட புனைபெயரில், அங்கு நடைபெற்ற ஆங்கிலச் செய்தித்தாளுக்கு அனுப்பினார். பிராண்டி அம்மையாரும் எலியட் அம்மையாரும் தாம் பெண்ணென்பதை மறைக்கப் பெயர் மாற்றினர். நம் அம்மையாரோ தம் பெயரை மறைத்தாரேயன்றிப் பெண்ணென்பதை மறைக்கவில்லை. எழுதுபவள் ஒரு பெண், அதிலும் இந்தியப் பெண் என்று படிப்போர் அறிதல் வேண்டும் என்பதே அவர் கருத்துப்போலும்.

கணவரின் அலுவல் காரணமாக இராஜமகேந்திரபுரத்திலும் கும்பகோணத்திலும் சிலகாலம் வாழ்ந்து, பின் சென்னைக்கே திரும்பினர். சாமுவேல் மாநிலக் கல்லூரியில் தருக்க நூலும் ஒழுக்க நூலும் கற்பிக்கும் பேராசிரியராக விளங்கினார். இக்காலத்தில் அம்மையார் பெண்கல்வி, குழந்தை வளர்ப்பு, இல்லத்தில் மகளிர் செலுத்தும் ஆற்றல் முதலியன பற்றிப் பல கட்டுரைகள் வரைந்தார். பெண்கல்வியை வேண்டிய அக்காலத்து ஆடவருட் பலர், கற்ற மனைவி கணவனுக்கு ஏற்ற துணையாவாள், நல்ல பிள்ளைகளை வளர்ப்பாள் என்னும் பயன் கருதியே வேண்டினர். அம்மையார் அப்பயன்களை மறுத்தாரில்லை. ஆயினும் அவற்றிற்கு மேலாக ஒன்றைக் கண்டார். பெண்ணும் சிந்திக்கும் உயிர். அவள் அறிவு அவளுக்கே இன்பம் தருவது. அதனை அடைத்து வைப்பது அவளுக்கு இழைக்கும் தீங்கு. இக்கருத்தைக் கட்டுரையிற் கூறுவதினும் கதையிற் கூறுவதே நெஞ்சிற் பதியும் என்றும் அவர் உணர்ந்தார்.

சகுணா

அம்மையாரின் முதல் நாவலாகிய சகுணா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் 1887, 1888-ம் ஆண்டுகளில் தொடர்ந்து வெளிவந்து, பின்னர் நூலுருப் பெற்றது. ஒரு கல்லூரிச் சஞ்சிகையின் பக்கங்களிலேதான் இந்தியப் பெண்மணி ஒருவரின் தன்வரலாற்று நாவல் ஆங்கிலத்தில் முதலில் தோன்றியது என்பது, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ! வங்கத்துத் தோரு தத்தர் ஆங்கில நாவல் ஒன்றை முன்னரே தொடங்கியிருந்தார் எனினும், அதனை முடிக்குமுன் 1877-ல் தம் இருபத்தோராம் வயதில் மறைந்தார்.

சகுணா என்பவள் ஏறக்குறையக் கிருபாபாயே. தாயின் மணமும் தந்தையின் மனமாற்றமும், தமையனின் அன்பும் மறைவும், பம்பாய்ப் பள்ளியும் சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் வருகின்றன. பெண்ணுக்கு நூலறிவு தகாதென்று கூறுவோர்க்கு அவள் வாதத்தால் விடையிறுக்கவில்லை; தன் வாழ்வால் விடையிறுக்கின்றாள். இறுதியில் மணம் புரிகின்றாள் என்பது உண்மையே. ஆனால் அதற்குமுன், மணம் ஒன்றே பெண்ணின் கதி என்று சொல்லுவோரை மறுத்து, உழைத்துத் தனித்து வாழவும் ஆயத்தமாயிருந்தவள் அவள். ஒத்த அறிவுடைய துணைவனைக் கண்டபின்னரே இசைகின்றாள்.

இந்நாவலில் நம் போன்ற மிஷன் கல்லூரியினர் கருத்தூன்றி நோக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அம்மையார் மிஷன் பள்ளியில் வளர்ந்தவர். அதன் நன்மையை வாயாரப் போற்றியவர். ஆயினும் மேனாட்டார் சிலர் இந்தியக் கிறிஸ்தவரைத் தம்மிலும் தாழ்ந்தாராக எண்ணி நடத்திய பான்மையை மூடி மறைக்கவில்லை. அன்பென்று சொல்லிக்கொண்டு மேலிருந்து கீழ்நோக்கும் பார்வையை அச்சிறுமி எவ்வாறு உடனே கண்டுகொண்டாள், அது அவள் நெஞ்சை எவ்வாறு சுட்டது என்பதைத் தெளிவாக எழுதினார். மற்றொரு பக்கம், ஆங்கில உடையையும் பழக்கத்தையும் மேற்கொண்டதனாலேயே உயர்ந்துவிட்டதாக நினைத்த நம்மவரையும் அவர் விடவில்லை. குருமாரின் மருமகளாய், மிஷன் இல்லத்தில் வாழ்ந்துகொண்டே, கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் இவற்றை எழுதுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அதனை வெளியிட்ட சஞ்சிகையாரும் பாராட்டத்தக்கவரே.

கமலா

நிற்க. இரண்டாவது நாவலாகிய கமலா, 1894-ம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இதனை எழுதிய காலத்தில் அம்மையாரின் வாழ்வில் துயரம் மேன்மேலும் அடர்ந்தது. பெற்றெடுத்த ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. 1890-ல் அன்னா அம்மையார் மறைந்தார்; 1892-ல் சத்தியநாதன் ஐயரும் மறைந்தார். தம் உடலோ நாளுக்கு நாள் நலிந்தது. முடிவு அணித்தென்று அறிந்தே, அதற்குள் கதையை முடித்துவிட வேண்டுமென்று படுக்கையிலிருந்தும் எழுதினார்.

கதையின் சுருக்கம் இது. கமலா தாயில்லாப் பெண். உலகப் பற்றொழிந்த கற்றறிந்த தந்தையுடன் மலைச்சாரலில் தனியே வளர்கின்றாள். சிவகங்கை என்னும் ஊரிலுள்ள கணேசன் என்பவனுக்குச் சிறுபிராயத்திலே அவளை மணம் முடிக்கின்றனர். பெயரால் அவ்வூர் நம் பாண்டிநாட்டுச் சிவகங்கையை நினைவூட்டினும், கதை நிகழ்வது மராட்டிய நாட்டிலேயாம். புகுந்த வீட்டில் மாமியாரும் நாத்திமாரும் அவளை வேலைக்காரியினும் கீழாக நடத்துகின்றனர். ஆங்கிலக் கல்வி பெற்ற கணேசன் மனைவிக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்குகின்றான். வீட்டாரின் ஏளனத்திற்கு அஞ்சி விட்டுவிடுகின்றான். பின்னர் சாயி என்னும் பெண்ணொருத்தியின்பால் மனம் திரிந்து, குற்றமற்ற மனைவியை ஐயுறுகின்றான். கமலா தந்தையிடம் திரும்புகின்றாள். கணவன் நோயால் இறக்கின்றான். பெற்ற மகவும் இறக்கின்றது. நெடுநாளாக அவள்மீது அன்பு வைத்திருந்த இராமச்சந்திரன் அவளை மணக்க வேண்டுகின்றான். அவள் உள்ளம் அவன்பால் சாய்ந்தும் இசையாது, கைம்பெண்கட்கும் நோயாளர்க்கும் ஏழைகட்கும் தொண்டு செய்து வாழ்நாளைக் கழிக்கின்றாள்.

இக்கதையைப் படித்தோர் இரு குறைகளை எடுத்துரைப்பதுண்டு. ஒன்று, கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் இந்து இல்லத்தின் குறைகளையே காட்டினார் என்பது. இது முற்றும் பொருந்தாது. கமலாவின் தந்தையின் கல்வியையும் துறவையும், மலையையும் ஆற்றையும் கோயிலையும், நீர்த்துறையில் கூடும் இளம்பெண்களின் நட்பையும் அவர் எத்துணை அன்போடு தீட்டியிருக்கின்றார் என்பதைப் படிப்போர் காண்பர். தாம் கண்ட மாமியாரோ அன்னா அம்மையார். கதையில் வரும் மாமியாரோ அதற்கு நேர்மாறானவர். ஒரு பெண்ணின் வாழ்வு மலர்வதும் கருகுவதும் புகுந்த வீட்டில் எவர் இருக்கின்றார் என்னும் தற்செயலைப் பொறுத்ததாயிருக்கலாமா என்பதே அவர் உள்ளத்தை அலைத்த வினாவென்று நாம் கருதுகின்றோம். தமக்கு நல்வாய்ப்புக் கிட்டியது. கிட்டாதவர் கதி யாது? கணேசன் கொடியவனும் அல்லன், கற்றவன். கற்ற ஆடவனின் கோழைத்தனத்தால் பெண்ணுக்கு விளையும் கேட்டை இவ்வளவு நுட்பமாக அக்காலத்தில் எழுதியவர் வேறெவர்?

மற்றொன்று, கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-ம் ஆண்டிலேயே ஏற்றிருக்க, கமலா ஏன் மறுத்தாள்? ஆசிரியர் ஏன் துணியவில்லை? இவ்வினாவைப் பற்றி நாம் நெடிது எண்ணியதுண்டு. சட்டம் வாயிலைத் திறந்துவிடலாம். சிறுமையிலிருந்து உள்ளேயே வளர்ந்தவளின் கால்கள் உடனே வாயிலைக் கடந்துவிடா. தம் தாயின் வாழ்வில் இதனைக் கண்ணாற் கண்டவர் அம்மையார். ஆகவே நடவாததை நடந்ததாக எழுதவில்லை. இஃது ஒரு விடை. வேறொரு விடையும் உண்டு. அந்நூற்றாண்டின் ஆங்கிலக் கதைகள் பலவற்றில் உறுதிபடைத்த நாயகியும் இறுதியில் மணப்பெண்ணாகவே நிற்கின்றாள். ஜேன் அயரும் மணந்தாள். எலியட் அம்மையாரின் மிடில்மார்ச்சில் வரும் டாரதியா கணவனை இழந்தபின் மீண்டும் மணந்தாள். கமலாவோ தன்னை வேண்டிய நல்லவனையும் மறுத்துத் தன் வாழ்வைத் தானே நடத்தினாள். தந்தை சொற்படி மணந்தவள், மாமியார் சொற்படி நடந்தவள், கணவன் ஐயத்திற்கு ஆளானவள், முதன்முறையாகத் தானே ஒரு முடிவு செய்கின்றாள். அம்முடிவு பழைய வழக்கத்திற்கு இசைந்ததாயினும், அதனைச் செய்தவள் அவளே. இவ்விரண்டில் எவ்விடை சரி என்பதை நம் மாணவியரே நூலைக் கற்று முடிவுசெய்க.

மறைவும் புகழும்

1894-ம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், அம்மையார் சென்னையில் இயற்கை எய்தினார். அவர் நினைவாகச் சென்னையில் மருத்துவம் பயிலும் பெண்களுக்கு உதவித்தொகை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தாம் முடிக்கவியலாத படிப்பைப் பிறர் முடிக்க அவர் பெயரே உதவியது. அக்கல்லூரியிலேயே 1912-ம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்று, பிற்காலத்தில் நாடறிந்த மருத்துவராயும் சீர்திருத்தராயும் விளங்கினார்.

அம்மையாரின் சிதறிய கட்டுரைகள் 1896-ல் தொகுக்கப்பெற்றன. நாவல்கள் இரண்டும் அவர் மறைவை அடுத்துத் தமிழிலும் பெயர்க்கப்பெற்றன. சாமுவேல் பின்னர் கமலா என்னும் பெயருடைய பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் 1901-ம் ஆண்டு முதல் சென்னையில் இந்திய மகளிர்க்கென ஓர் ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். வங்கத்து ரொக்கையா அம்மையார், பெண்களே ஆட்சி செய்யும் நாடொன்றைக் கனவாகப் புனைந்த கதை 1905-ல் வெளிவந்தது அச்சஞ்சிகையிலேதான். சாமுவேல் 1906-ல் ஜப்பானில் காலமானார். அதன்பின் கிருபாபாயின் நூல்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1998-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தார் இரண்டையும் மீண்டும் அச்சிட்டனர். ஒரு நூற்றாண்டின் உறக்கம் நீங்கி, இன்று பல பல்கலைக்கழகங்களில் அவை ஆராயப்படுகின்றன.

முடிவுரை

அம்மையாரின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. கமலாவின் கதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். கமலாவோ ஆங்கிலம் அறியாள். தன் பெயரை எழுதவும் அவளுக்குக் கற்பிக்க விடவில்லை. எவர் துயரைத் தீர்க்க அந்நூல் எழுந்ததோ அவர் அதனைப் படிக்க இயலாது. இதனைக் குறையென்று நாம் கூறவில்லை. அவர்க்கு வாய்த்த மொழி அது. அம்மொழியறிந்த ஆடவரும் ஆட்சியாளருமே அந்நாளில் வழக்கங்களை மாற்றும் வன்மை பெற்றிருந்தனர். ஆயினும் கடாட்சபுரத்துக் குருவின் மகளார் தாய்மார்க்கெனத் தமிழில் எழுதியதையும், அவர் மருமகளார் உலகுக்கென ஆங்கிலத்தில் எழுதியதையும் ஒருங்கே வைத்து நோக்கும்பொழுது, அவ்விரு பணியும் இன்னும் முடியவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இக்கரையில் உப்பளத்து வெயிலில் உழைத்தவரும், கூடை சுமந்து மீன் விற்றவரும், பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்தவரும் நம்மிற் பலரின் பாட்டிமாரே. அவர்தம் உழைப்பின் பயனாலன்றோ நாம் இக்கல்லூரி வாயிலை மிதித்தோம்? அவர் விரும்பியது யாது, அவர்க்கு மறுக்கப்பட்டது யாது என்று கேட்டு எழுதியவர் எவர்? கிருபாபாய் தம் தாயின் வாயினின்று அவர் வாழ்வைக் கேட்டே முதல் நாவலைத் தொடங்கினார். வரும் விடுமுறையில் வீடு செல்லும் நம் மாணவரும் மாணவியரும் அவ்வாறே அமர்ந்து கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுதி வருவாராக. அடுத்த மலரில் அவற்றை அச்சிடும் பேறு நமக்குக் கிட்டுமாயின், இவ்வம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யும் சிறப்பு அதனினும் பிறிதில்லை.